பத்து நிமிஷ வெளிச்சம்

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தோட நிரந்தரக் கேலரிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல பார்த்து முடிக்கணும்ங்கிற அவசரமும் இல்லை. தட்டு, கட்டில், துணின்னு மனுஷங்க புழங்கின பொருள்கள்தான் அங்கே அதிகம். இதையெல்லாம் ‘அலங்காரக் கலை’ன்னு சொல்றாங்க. எனக்கு அந்தப் பேரே பிடிக்காது. படுத்துத் தூங்குற கட்டில் வெறும் அலங்காரமா?

எத்தனை தடவை போனாலும் நான் முதல்ல போறது அர்தபில் கம்பளத்துக்கிட்டதான். நீளம் 10.5 மீட்டர், அகலம் 5.3 மீட்டர். ஹிஜ்ரி 946, அதாவது 1539-40-ன்னு தேதியும், மக்சூத் காஷானின்னு ஒரு பேரும் அதிலேயே நெய்திருக்கு. பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள்ள சுமார் 5,300 முடிச்சு! சாயம் வெளுத்துடக் கூடாதுன்னு, அரை மணிக்கு ஒருதடவை பத்து நிமிஷம் மட்டும்தான் நல்ல வெளிச்சம் போடுவாங்க.

முதல் பத்து நிமிஷம் அந்தப் பிரமாண்டத்துக்கே சரியாப் போயிடும். நடுப் பதக்கத்துக்கு ரெண்டு பக்கமும் தொங்குற விளக்குகள்ல ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னதுங்கிறது அடுத்த தடவைதான் கண்ணுல படும். சின்ன விளக்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே அளவாத் தெரியும்ங்கிறது ஒரு விளக்கம். ஆனா ஆதாரம் கிடையாது.

என்னை உறுத்துறது வேற. ஈரான்ல, அர்தபில் நகரத்து ஷேக் சஃபியுத்தீன் தர்காவுல இருந்தது ஒரு கம்பளம் இல்லை, ஜோடி. ரெண்டுமே கிழிஞ்ச நிலையில விற்பனைக்கு வந்தப்போ, ஒண்ணை வெட்டி இன்னொண்ணுக்கு ஒட்டுப் போட்டாங்க. முழுசான அதைத்தான் வில்லியம் மாரிஸ் பரிந்துரைச்சு, 1893-ல 2,000 பவுண்டுக்கு மியூசியம் வாங்குச்சு. வெட்டுப்பட்டது கரையெல்லாம் இழந்து இப்போ லாஸ் ஏஞ்சலிஸ் மியூசியத்துல இருக்கு. ஆக, நாம வாய் பிளந்து பார்க்கிற அந்த முழுமை, இன்னொரு கம்பளத்தை வெட்டி எடுத்தது.

அது தெரிஞ்சதுல இருந்து நான் விளக்கைப் பார்க்கிறதில்லை. ஒட்டு எங்கேன்னுதான் தேடுறேன். இன்னும் பிடிபடலை, பத்து நிமிஷம் போதவும் இல்லை. லண்டன் பக்கம் போனா நீங்களும் தேடுங்க. முழு மணிக்கோ அரை மணிக்கோ அங்கே நிக்கிற மாதிரி போங்க.