மய்யித்து வீட்டுக்கு ஒரு சட்டி கஞ்சி

(மஹல்லா குடும்பங்களின் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சமையலைப் பற்றி. அறக்கட்டளைக் கூட்டத்தில் சமையலுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நமக்கு வரும் உதவி மனுக்களைப் படிப்பவர்களுக்கு அது புரியும். படிப்புக்கு, வைத்தியத்துக்கு, குமர் காரியத்துக்கு என்று வரும் மனுக்களுக்கு நடுவே, வீட்டில் மவ்த்து நடந்தபின் ஏற்பட்ட கடனை அடைக்க உதவி கேட்டும் மனுக்கள் வருகின்றன. அது கஃபன் துணிக்கும் கபுரு வெட்டவும் வாங்கிய கடன் அல்ல. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குச் சோறு போட்டதில் வந்த கடன்.

மய்யித்தை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வருவதற்குள், அந்த வீட்டாரிடம் ஒருவர் போய், “எத்தனை பேருக்குச் சொல்லலாம், எந்தப் பண்டாரியைக் கூப்பிடலாம்?” என்று கேட்கிறார். கணவனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் பெண் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு எழுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்க்க ஆள் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி இதற்கு நேர்மாறானது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார்கள். அவர்கள் நபியவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் மகன். செய்தி மதீனாவுக்கு வந்தபோது, ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுங்கள், அவர்களுக்கு வேறு எதையும் நினைக்க முடியாத துயரம் வந்துவிட்டது என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இந்த ஹதீஸ் இருக்கிறது. இங்கே சமைக்கச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்கள்; சாப்பிட வேண்டியவர்கள் துக்க வீட்டார். நாம் இதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள் சொல்லட்டும். நாம் பேசுவது அடுப்பைப் பற்றி மட்டும்தான். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, சுற்றியிருப்பவர்கள் வீட்டில் எரிய வேண்டும். சகோதர சமயத்தாரிலும் பலர், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவினர் சோறு கொண்டுவரும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள்.

சரி, எதைச் சமைப்பது? இதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. தம் குடும்பத்தில் யாராவது மவ்த்தானால், கூடிய பெண்கள் கலைந்து நெருங்கியவர்கள் மட்டும் இருக்கும்போது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு சட்டி தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். தல்பீனா நோயாளியின் மனதுக்கு இதமளிக்கும், கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபியவர்கள் கூறியதாக அன்னையவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. தல்பீனா என்பது மாவில் காய்ச்சும் கஞ்சி. பாலைப்போல் வெண்மையாகவும் நீர்க்கவும் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது.

செய்வது சுலபம். இரண்டு மேசைக்கரண்டி பார்லி மாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் காய்ச்ச வேண்டும். வெந்தபின் ஒரு தம்ளர் பால் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூடு தணிந்தபின் தேன் கலக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தேன் வேண்டாம்.

பார்லி பழக்கமில்லாத வீட்டில் நம்முடைய நோன்புக் கஞ்சி இருக்கிறதே! பத்துப் பேருக்கு அரைக் கிலோ பச்சரிசி நொய், நூறு கிராம் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஒரு தேங்காயின் பால் போதும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மல்லி, புதினா தாளித்து, ஐந்து லிட்டர் தண்ணீரில் அரிசி குழைய வேகவிட்டு, கடைசியாகத் தேங்காய்ப்பால் ஊற்றி, பொங்கவிடாமல் இறக்க வேண்டும். மசாலா குறைவாக இருக்கட்டும். அழுது அழுது தொண்டை வறண்டவர்களுக்குப் பிரியாணி இறங்காது. கஞ்சி ஒரு மிடறாவது இறங்கும். கடையில் வாங்கிய பொட்டலத்தில், அந்த வீட்டுப் பெரியவருக்கு உப்பு ஆகாது, சின்னப் பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று தெரிந்து போட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வீட்டுக்காரருக்குத்தான் அது தெரியும்.

வெறும் கஞ்சியை எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அண்டைவீட்டுப் பெண் கொடுப்பதை அற்பமாக எண்ணாதீர்கள் என்று நபியவர்கள் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இது பெண்களின் வேலை என்று ஆண்களும் ஒதுங்க வேண்டாம். ரமலானில் பள்ளிவாசலில் தேக்சா வைத்துக் கஞ்சி காய்ச்சுவது ஆண்கள்தானே!

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஒன்று, மவ்த்து நடந்த வீட்டுக்கு மூன்று நாள் சாப்பாட்டை அந்தத் தெருவினர் பகிர்ந்துகொள்ளுங்கள். காலை, பகல், இரவு என ஒன்பது வேளை. ஒன்பது வீடு இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைதான். எல்லோரும் ஒரே வேளைக்குக் கொண்டுபோய்க் குவித்து வீணாக்காமல் இருக்க, தெருவுக்கு ஒருவர் முறை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு, தூக்குச்சட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். பாத்திரத்தை நீங்களே போய்க் கழுவி எடுத்து வாருங்கள். அந்த வீட்டாருக்கு அந்த வேலையும் வேண்டாம்.

மூன்று, முதலில் பிள்ளைகளையும் நோயாளிகளையும் உட்காரவைத்து ஊட்டிவிடுங்கள்.

நான்கு, உள்ளூரிலிருந்து துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் சலாம் சொல்லி, துஆ செய்து, சாப்பிடாமல் திரும்புங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களை அக்கம்பக்கத்து வீடுகள் அழைத்துப்போய் உபசரிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மூன்று நாள் கழிந்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை. அந்தக் காலத்தில்தான் வீடு வெறிச்சோடுகிறது. ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று அவர் ரொட்டித் துண்டோடு இரவைக் கழித்துவிடுகிறார். வாரத்துக்கு ஒருமுறை, ஜும்ஆ நாளிலாவது, உங்கள் வீட்டில் வைத்த ஆணத்தில் ஒரு கிண்ணம் அவருக்குக் கொண்டுபோங்கள். சமைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டைவீட்டாரையும் கவனித்துக்கொள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது இதற்காகத்தான் பயன்பட வேண்டும். கொடுத்துவிட்டு உடனே வந்துவிடாமல், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பெண்கள் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருங்கள்.

அரிசி, பருப்பு வாங்க இயலாத வீடும் இந்த முறையில் சேர விரும்பினால் அறக்கட்டளைக்குச் சொல்லியனுப்புங்கள். பொருளை நாங்கள் தருகிறோம், சமைப்பது உங்கள் கையாக இருக்கட்டும்.

நம் மஹல்லாவில் இனி எந்தக் குடும்பமும் மய்யித்தை அடக்கிய கையோடு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் அல்லாஹ் காப்பானாக! பசித்தவரையும் துக்கப்பட்டவரையும் தேடிப்போகும் மனதை நமக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.