மூளையும் மனித நடத்தையும்
(ஜூபிலி ஆண்டுக் குடும்ப நாளில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஒருவர் எடுத்ததற்கெல்லாம் சீறி விழுந்தால், "அவர் குணமே அப்படி" என்கிறோம். வேலைக்குப் போகாமல் படுத்தே கிடந்தால் சோம்பேறி என்கிறோம். பிள்ளை பெற்ற பெண், குழந்தையைத் தொடாமல் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால், காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று கயிறு கட்டப் புறப்படுகிறோம். நடத்தைக்கு வளர்ப்பும் பழக்கமும் காரணங்கள் என்பது நாம் அறிந்ததே. சதையும் இரத்தமுமான மூளையும் அதற்கு ஓர் அடிப்படை என்பதை இன்று சற்றுப் பார்ப்போம்.

மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடல் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே எடுத்துக்கொள்கிறது. இதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்குள் செய்தி மின்சாரமாய் ஓடுகிறது. அடுத்த அணுவுக்கு அதைப் பெரும்பாலும் இரசாயனப் பொருள்கள் கொண்டு சேர்க்கின்றன. கோபம், பயம், ஆசை, அடக்கம் எல்லாம் இவ்வழியாகவே நடமாடுகின்றன.

இதை உலகம் உணரும்படி செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்துக் காவெண்டிஷ் என்னும் ஊரில் இரயில் பாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். பாறைக்கு வெடி வைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் பினியாஸ் கேஜ், வயது 25. 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், துளையிலிருந்த வெடிமருந்து திடீரென வெடித்தது. மருந்தை இடிக்கும் இரும்புக்கம்பி, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ளது, அவருடைய இடது கன்னத்தில் நுழைந்து உச்சி மண்டை வழியே வெளியே பாய்ந்தது. மனிதர் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே தங்குமிடம் சேர்ந்தார். டாக்டர் ஜான் ஹார்லோ என்பவர் வைத்தியம் பார்த்தார். ஒரு கண்ணின் பார்வை போயிற்று. மற்றபடி உடல் தேறிவிட்டது.

ஆனால் ஆள் மாறிவிட்டார். நிதானமும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயர் எடுத்தவர், இப்போது கெட்ட வார்த்தை பேசினார், பொறுமை இழந்தார், ஒரு திட்டம் போடுவதும் உடனே அதைக் கைவிடுவதுமாக இருந்தார். இவர் பழைய கேஜ் அல்லர் என்று கூட இருந்தவர்களே சொன்னார்கள். பழைய மேஸ்திரி வேலையும் கிடைக்கவில்லை. மூளையின் முன்பகுதியில் ஏற்பட்ட காயம், ஒருவருடைய நல்லொழுக்கம் என்று நாம் எண்ணுவதையே தொட்டுவிட்டது.

பின்கதையைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அது நியாயமன்று. 1852-இல் கேஜ் சிலி நாட்டுக்குப் போய், அங்கே பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். தினம் ஒரே நேரம், ஒரே பாதை, கவனம் தேவைப்படும் வேலை. முதலில் இழந்த நிதானத்தில் ஒரு பகுதியை அந்த ஒழுங்கான வாழ்க்கை மீட்டுக் கொடுத்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1860-இல் வலிப்பு கண்டு இறந்தார்.

அப்படியானால் ஆன்மா எங்கே என்று இளைஞர்கள் கேட்கலாம். வீணையை வாசிப்பவர் வேறு, வீணை வேறு என்ற உவமை பிரசங்கங்களில் அடிக்கடி வருகிறது, அது போதாது. ஆன்மாவும் உடலும் சேர்ந்தே ஒரு மனிதர் என்பதுதான் திருச்சபையின் போதனை. மூளைக் கோளாற்றால் கற்பனையோ நினைவோ கெட்டால், ஒருவர் முன்பு அறிந்திருந்ததைக்கூட எண்ணிப்பார்க்க முடியாமல் தடைப்படுகிறார் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்தார்.

பாவம் என்பதே இல்லை என்று இதற்குப் பொருளா? இல்லை. சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்று சிறு வயதில் மனப்பாடம் செய்தோம் அல்லவா? அந்த முழுச் சம்மதம் எங்கே குறைகிறது என்பதைத்தான் வைத்தியம் நமக்குக் காட்டுகிறது. நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோயில் டோபமின் என்ற பொருள் மூளையில் குறைகிறது. அதன் வேலையைச் செய்யும் சில மருந்துகளை உட்கொண்டவர்களில் சிலர், அதுவரை சீட்டையே தொடாதவர்கள், சூதாட்டத்தில் பணத்தை வாரி இறைத்தார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி அடங்கியது. அவர்களை நாம் என்னவென்று தீர்ப்பிடுவது? நாம் சோம்பேறி என்று ஒதுக்கியவருக்கும் தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காமல் இருக்கலாம். அந்தப் பிரசவித்த தாய்க்கு வேண்டியது கயிறு அன்று, டாக்டர்.

வலிப்பு நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூளை அணுக்களில் மின்சாரம் கட்டுமீறி ஒருசேரப் பாய்வதே வலிப்பு. நம் ஊர்களில் இன்னும் இதைப் பேய் என்று பேயோட்டுபவரைத் தேடுகிறார்கள். ஒருவரைப் பேய் பிடித்தவர் என்று எளிதில் நம்பிவிடாதே என்று 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே குருக்களை எச்சரிக்கிறது. ஆயரின் தனி அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டுதல் செய்யக்கூடாது என்பது இன்றுள்ள திருச்சபைச் சட்டம். சட்டம் குருவுக்கே இப்படி என்றால், வேப்பிலை அடிப்பவருக்கு என்ன சொல்வது!

வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை ஒரு வேளை தவறினாலும், இரவுத் தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரக்கூடும். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நன்மை வாங்குமுன் மருந்து சாப்பிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீரும் மருந்தும் நற்கருணை உபவாசத்தை முறிப்பதில்லை. நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் ஒரு மணி நேரத்துக்குள் உணவு உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். ஆகவே காலை மாத்திரையை விழுங்கிவிட்டே பூசைக்கு வாருங்கள்.