கவலையும் விசுவாசமும்

(யூபிலி ஆயத்த நாட்களில் நம் ஆலயத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா வேளையில் கவலையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் யூபிலி பிறந்த இடத்திலேயே கவலையும் இருக்கிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏழாம் ஆண்டில் விதைக்க வேண்டாம், ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியிலும் நிலம் ஓய்ந்திருக்கட்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். விதைக்காமல் எதை உண்போம் என்று மக்கள் கேட்பார்கள் என்பதையும் அவரே எடுத்துச் சொல்லி, முந்திய ஆண்டின் விளைச்சலைப் பெருகச் செய்வதாக வாக்களிக்கிறார். உழவனின் கவலை அவருக்கு முன்னமே தெரியும். அதற்காக அவர் சினம் கொள்ளவில்லை.

நம் ஊர்களுக்கும் கவலை புதிதன்று. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுவையில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயல் ஓய்ந்தது என்று நாம் மூச்சு விட்டபோது, சாத்தனூர் அணையில் திறந்த நீரால் தென்பெண்ணை பெருகி, டிசம்பர் 2-ஆம் நாள் பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. வெள்ளம் சில நாளில் வடிந்தது. அச்சம் வடியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். "சாமி, மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்குது. ராத்திரியெல்லாம் வாசலுக்கு வந்து தண்ணி ஏறுதான்னு பாக்கறேன்" என்றார். நாமோ, "விசுவாசமா இரும்மா, செபமாலை சொல்லு" என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டோம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். "செபமாலை சொன்னேன் சாமி, தூக்கம் வரலை. எனக்கு விசுவாசமே இல்லையோன்னு இப்ப அந்தக் கவலையும் சேர்ந்துகிச்சு" என்றார். அன்று நாம் வெட்கப்பட்டோம். சுமையோடு வந்தவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றி அனுப்பியிருந்தோம்!

ஆகவே இன்று நாம் சொல்ல விரும்புவது இதுதான்: கவலைப்படுவது விசுவாசக் குறைவு அன்று. விசுவாசம் உள்ளவருக்கும் உடல் உண்டு, நரம்பு உண்டு, தூக்கம் கெடுவதும் உண்டு.

எலியா இறைவாக்கினரைப் பாருங்கள். அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் விழுந்து, சாவு வந்தால் போதும் என்று வேண்டினார். கடவுள் அவருக்கு என்ன செய்தார்? பிரசங்கம் செய்யவில்லை. முதலில் தூங்கவிட்டார். பிறகு வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் குவளைத் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் தூக்கம், மீண்டும் உணவு. அதன்பின் நாற்பது நாள் நடை. இவ்வளவும் முடிந்த பிறகே ஓரேபு மலையில் ஆண்டவர் பேசினார். அங்கும் பெருங்காற்றில் அவர் இல்லை; நிலநடுக்கத்தில் இல்லை; தீயில் இல்லை; மெல்லிய ஒலியில் வந்தார். புயலைக் கண்ட நமக்கு இது எத்துணை ஆறுதல்!

இந்த வரிசையை நாமும் கைக்கொள்வோம்.

முதலாவது, தூக்கமும் உணவும். இரவு படுக்குமுன் கைப்பேசியில் புயல் செய்தி பார்ப்பதை நிறுத்துங்கள். மாலைக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். பசியை அடக்கிக்கொண்டு கவலைப்படாதீர்கள். நேரத்துக்கு இரண்டு கவளம் உண்ணுங்கள்.

இரண்டாவது, நடை. பம்புசெட்டு வருமுன் நம் பெரியவர்கள் கவலை இறைத்தார்கள் அல்லவா? மாடுகள் ஒரே சரிவில் முன்னும் பின்னும் நடக்கும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சால் தண்ணீர் வாய்க்காலில் விழும். மனக் கவலையும் ஒரே தடத்தில்தான் நடக்கிறது. ஆனால் அதன் சால் வெறுஞ்சால்! அந்த மாட்டை அவிழ்த்துவிட வேண்டுமானால் நாம் எழுந்து நடக்க வேண்டும். பாகூர் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ காலையில் அரைமணி நேரம் நடந்து பாருங்கள். வில்லியனூர் மாதா கோயிலுக்கு நம் முன்னோர் கால்நடையாய்ப் போனார்கள். பாரத்தோடு புறப்பட்டவர்கள் மனம் தெளிந்து திரும்பினார்கள்.

மூன்றாவது, செபம். அதையும் அவசரமின்றிச் செய்வோம். 2001-இல் இத்தாலி நாட்டு மருத்துவர்கள் 23 பேரை இலத்தீனில் செபமாலை சொல்லச் செய்து சோதித்தார்கள். அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று அமைதியடைந்ததாகவும், இதயத் துடிப்பின் ஒழுங்குக்கு அது நன்மை செய்ததாகவும் எழுதினார்கள். ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர் பின்பாதி சொல்லும் நம் குடும்பச் செபமாலையில் மூச்சுக்கு இயல்பாகவே இளைப்பாறுதல் கிடைக்கிறது. ஓட்டமாய் ஓடிச் சொன்னால் அது கிடைக்காது.

நான்காவது, வாய்விட்டுப் பேசுவது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மனம் கலங்கினார். அதை மறைக்காமல் மூன்று சீடரிடம் சொல்லி, உடனிருக்கும்படி கேட்டார். தந்தையிடம் மன்றாடினார். ஆண்டவரே கேட்ட துணையை நாம் கேட்க ஏன் கூச வேண்டும்? பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள்; அன்பியக் கூட்டத்தில் சொல்லுங்கள்; சாமியாரிடம் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லை, வாழ்வே வெறுத்தது என்றால் மருத்துவரிடம் போங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகலாக ஆலோசனை கிடைக்கும். மருந்து உண்பது விசுவாசத்துக்கு இழுக்கு அன்று. வானதூதரின் அப்பத்தை எலியா மறுக்கவில்லையே!

அந்தத் தாய் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மருத்துவரைப் பார்த்தார். மழை பெய்யும் இரவுகளில் எதிர்வீட்டுப் பெண்மணி அவருடன் வந்து படுத்துக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து செபமாலை சொல்கிறார்கள். முழுவதும் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் சென்ற பெருமழையன்று, நான்காம் மணிக்குள் தூங்கிப்போனதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

யூபிலி என்றால் நிலத்துக்கு ஓய்வு, அடிமைக்கு விடுதலை. இந்த யூபிலி ஆண்டில் நம் மனத்துக்கும் அந்த ஓய்வைக் கொடுப்போம். கலங்கி நிற்கும் அயலாருக்கு, அறிவுரைக்கு முன்பாக ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு துண்டு அப்பமும் நீட்டும் பங்காக நாம் விளங்குவோம். அந்த வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.