நாய்களோடு ஒரு வைகறை நடை

தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் நாகபுரியிலும் கோடையைக் கழிக்கும் தமிழ் நேயர்களுக்கு வெயிலைப் பற்றி நான் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஓரிரவு 35 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. அத்தகைய இரவுகளில் மொட்டைமாடியில் புரண்டு கிடந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு முறை கோடை வெப்பம் பற்றிய சுற்றறிக்கை ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோது, 'லூ' என்னும் சொல்லின் எதிரே அரை நாள் திகைத்து அமர்ந்திருந்தேன். அனற்காற்று என்று எழுதி முடித்தேன். இன்றுவரை எனக்கு அதில் நிறைவில்லை.

எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் நடைக்குச் செல்லும் ஒரு சிறு கூட்டம் உண்டு. எட்டுப் பேர், ஐந்து நாய்கள். குருகிராமத்துக்கும் பரீதாபாத்துக்கும் இடையே மாங்கர் என்னும் கிராமத்தை அடுத்த ஆரவல்லிக் குன்றுகளே நாங்கள் செல்லும் இடம். கால்நோகும் படிகக்கல் பாறையும் செம்மண் தூசியுமான பாதை. இருமருங்கிலும் நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேல். இங்கே அதனை 'விலாயத்தி கீக்கர்' என்பர். விலாயத்தி என்றாலும் சீமை என்றாலும் ஒன்றுதானே! பெயரை இரு மொழியினரும் ஒத்தே வைத்திருக்கின்றனர். நிழல் தருவதில் இரு நாட்டிலும் அது ஒரே கஞ்சத்தனம் காட்டுகிறது. சிறுத்தை நடமாடும் குன்றுகளாதலால் நாய்களைக் கயிற்றிலிருந்து நாங்கள் அவிழ்ப்பதில்லை.

என் வீட்டு நாய் மோத்தி. என் மகள் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி. 'வா', 'இரு', 'போதும்' என்னும் மூன்று தமிழ்ச் சொற்களும் அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் ஒரு லாப்ரடார் வளர்த்தார். பெயர் ஷேரு. கொழுத்த உடல், குழந்தை மனம்.

அந்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து சேரத் தாமதித்தமையால், நாங்கள் நடக்கத் தொடங்கியபோதே மணி ஐந்தே முக்கால். காற்று இதமாக இருந்தது. மயில்கள் அகவின. ஏழு மணிக்கு ஒரு மேட்டை எட்டியதும் பெரியவர், "திரும்பிவிடலாமா, ஐயா?" என்று கேட்டார். "இன்னும் ஒரு மேடு ஏறினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், ஜி" என்று சொன்னவன் நான். மோத்தி அப்போதே ஒரு புதரடியில் படுத்துவிட்டான். சோம்பேறி என்று ஏசினேன். கயிற்றைப் பற்றி இழுத்தேன். அசையாமற்போகவே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். எல்லாரும் சிரித்தனர். ஷேரு மட்டும் தன் எஜமானரின் காலடியை விட்டு அகலாமல் மேலே வந்தான்.

புறப்படும் நேரத்தைக் குறித்தே நாம் கவலைப்படுகிறோம். திரும்பும் நேரத்தை நினைப்பதில்லை. நாளின் குறைந்த வெப்பம் கதிரவன் எழும் வேளையை ஒட்டியே அமைகிறது. அதன்பின் ஒவ்வொரு அடியும் சூட்டை நோக்கியே. போகும் பாதி குளிர்ச்சியாக இருந்தமையால், வரும் பாதியும் அவ்வாறே இருக்கும் என மனம் மயங்குகிறது. மேலும், நமக்கு உடலெங்கும் வியர்க்கிறது. நாய்க்கோ உள்ளங்கால்களில் மட்டுமே வியர்வைச் சுரப்பிகள் பயன்படுகின்றன. அது பெரிதும் நாவாலும் மூச்சாலுமே ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகும்போது அந்த வழியும் அடைபடுகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அது முதலிலிருந்தே குறுகிய வழி. பாறை சுடுகிறதா என்று செருப்பணிந்த நாம் அறியோம். புறங்கையை அதன்மேல் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதத்துக்கும் அது பொறுக்காது.

இறங்கும் வழியில் ஷேருவின் நாக்கு அகன்று தொங்கிற்று. எச்சில் கயிறாய் ஒழுகிற்று. ஈறுகள் செங்கல் நிறம். பின்னங்கால்கள் இரண்டும் பின்னிக்கொண்டன, பின் மடங்கின. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும் என்பதை அப்போது எங்களில் ஒருத்தியே அறிவாள். அவள் கால்நடை மருத்துவம் பயிலும் மாணவி. எங்கள் நீரை நாங்களே பெரும்பாலும் குடித்துவிட்டோம். எஞ்சியவை இரண்டு புட்டிகள். தண்ணீர் ஊற்றினால் உடல் அதிர்ந்துவிடும் என்று ஒருவர் தடுக்க, அந்த வழக்கில் சில நிமிடங்கள் வீணாயின. அப்பெண் புட்டியைப் பறித்து வயிற்றிலும் தொடையிலும் ஊற்றினாள். செய்தித்தாளால் விசிறச் சொன்னாள். நாயின் உடலைவிடக் குளிர்ந்த நீர் எதுவாயினும் உடனே ஊற்றுக, குளிர்வித்த பின்னரே வண்டியில் ஏற்றுக என்பதுதான் இன்றைய கால்நடை மருத்துவர்களின் அறிவுரை. ஈரத் துணியைப் போர்த்தியபடியே விட்டுவிடுவது தவறு. துணி சூடேறி உள்வெப்பத்தைச் சிறைப்படுத்திவிடும்.

ஒரு மேல்துண்டைத் தொட்டில்போல் பிடித்து நால்வர் அவனைச் சுமந்தோம். பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்து ஷேரு பிழைத்தான். அதன்பின் அவன் குன்றேறவில்லை. மாலையில் குடியிருப்பின் வேலியோரமாக நூறடி நடக்கிறான்; என்னைக் கண்டால் வாலாட்டுகிறான். பெரியவரும் முன்போலவே என்னிடம் தேநீர் அருந்த வருகிறார். நான் சொன்ன அந்த ஒரு மேட்டைப் பற்றி இருவருமே பேசியதில்லை.

இப்போது கிழக்கு வெளுக்கும்போதே நடக்கத் தொடங்கி, ஆறரை மணிக்குள் வண்டியண்டை வந்துவிடுகிறோம். நாய்களின் நீரைத் தனிப் பையில் சுமக்கிறோம். மனிதர் எவரும் அதனைத் தொடக்கூடாது. மோத்தி முதன்முறை படுக்கும் இடத்தில் அனைவரும் திரும்புவது என்பது ஏற்பாடு. சென்ற ஞாயிறன்று அவன் கால் மைல் தாண்டுமுன்னரே ஒரு கருவேலின் அடியில் படுத்துவிட்டான். உண்மையில் களைத்தானோ, வீட்டு நினைவு வந்ததோ, தெரியாது. திரும்பிவிட்டோம்.