பசும்புல்லிலிருந்து வைக்கோலுக்கு
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



காலபோக அறுவடை நடந்துகொண்டிருக்கும் இவ்வேளையில் மாட்டுத் தீனியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வயலெங்கும் வைக்கோல் கிடக்கின்றது. வரம்பெங்கும் புல் நிற்கின்றது. மாடுகள் வயிறு புடைக்க மேய்ந்து, நிழலிற் படுத்து அசைபோடுகின்றன. ஆயினும் ஆடி, ஆவணியில் உங்கள் பசு எதைத் தின்னப்போகின்றது என்பது இந்த மாசி, பங்குனியிலேயே தீர்ந்துவிடுகின்றது. சோளகக் காற்று வீசத் தொடங்கிய பின்னர் வைக்கோல் தேடிப் புறப்படுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

முன்னர் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் தானாகவே களத்தில் ஒன்றுசேர்ந்தது. இப்பொழுது அறுவடை இயந்திரம் அதனை வயல் முழுவதும் சிதறிவிட்டுப் போகின்றது. திரட்டுவதற்கு ஆட்கூலி அதிகம் என்று கூறி நம்மிற் பலர் தீ வைத்துவிடுகின்றனர். ஒரு கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 1,500 கிலோகிராம் நெல் விளைந்தால் ஏறக்குறைய அதே நிறையுடைய வைக்கோலும் விளையும். இயந்திரம் உயர வெட்டுவதாற் பாதி தாளாக நின்றுவிடுகின்றதென்றே கொள்வோம். நாட்டுப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் வீதம், ஆனி முதல் புரட்டாதி வரை 120 நாட்களுக்கு 600 கிலோகிராம் போதும். ஓர் ஏக்கரில் எரிக்கப்படுவது ஒரு பசுவின் கோடை முழுவதற்குமான உணவாகும்.

திரட்டிய வைக்கோலை ஈரத்தோடு போரிடலாகாது. இரண்டொரு நாள் வெயிலிற் காயவிட்டு, பனங்குற்றிகளை அடியிற் பரப்பி, அதன்மேற் போரிட்டு, உச்சியை ஓலையால் வேய்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்து மணக்கும் வைக்கோலை மாட்டுக்கு வைப்பதிலும் பார்க்கக் குப்பைக் கிடங்கிற் போடுவது நன்று.

இனி, மாற்றத்தைப் பற்றிக் கூறுவேன். மாட்டின் முதலாம் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் சமிக்கச் செய்பவை அவையே. பசும்புல்லுக்குப் பழகிய நுண்ணங்கிகள் ஒரே இரவில் வைக்கோலுக்கு மாறிவிடமாட்டா. அவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று கிழமைகள் வேண்டும். ஆகவே மேய்ச்சல் முற்றாக வற்றும்வரை காத்திராமல், சித்திரை, வைகாசியிலேயே மாலையில் மாடு பட்டிக்குத் திரும்பியதும் ஒரு கைப்பிடி வைக்கோல் வையுங்கள். கிழமைதோறும் அதனைக் கூட்டுங்கள். திடீரென மாற்றினால் மாடு தீனியை வெறுக்கும், பாலும் சுருங்கும்.

நான் இத்தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு கமக்காரர் தம் பசுவைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். விலா எலும்புகளை எண்ணலாம்போல இருந்தது. ஆனாற் தொட்டி நிறைய வைக்கோல் கிடந்தது. "தம்பி, நான் பட்டினி போடவில்லை. வயிறு நிரம்பத்தான் போடுகிறேன்" என்று அவர் மனம் நொந்து கூறினார். அவர் கூறியது உண்மையே. வைக்கோலிற் புரதம் நூற்றுக்கு நான்கு பங்களவே உண்டு. நுண்ணங்கிகள் நன்கு வேலை செய்வதற்கு ஏழு பங்கேனும் வேண்டும். புரதம் போதாவிடின் வைக்கோல் வயிற்றில் நெடுநேரம் தங்கிவிடும்; மாடு வயிறு நிரம்பியிருந்தும் மெலியும். அவருடைய வேலி முழுவதும் சீமைக்கிளுவை தழைத்து நின்றது! அதன் உலர்ந்த இலையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேற் புரதம் உண்டு. முதலில் அதன் மணத்தை மாடு வெறுக்கலாம். வெட்டி ஒரு நாள் வாடவிட்டு, சிறிது தவிடு தூவி வைத்தால் சில நாட்களிற் பழகிவிடும். தீனியின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வைத்தாற் போதும். இப்பிலிப்பில் இலைக்கும் இவ்வளவே எல்லை. கையிற் காசுள்ளோர் அரைக் கிலோகிராம் தேங்காய்ப் பிண்ணாக்கும் சேர்க்கலாம். உப்பையும், நிழலில் வைத்த நிறைந்த தண்ணீரையும் மறக்கலாகாது.

வைக்கோலையே சத்துள்ளதாக்கும் வழி ஒன்றும் உண்டு. 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்து, 100 கிலோகிராம் வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமற் பொலித்தீனால் மூடி 21 நாட்கள் விடுதல் வேண்டும். யூரியாவிலிருந்து எழும் அமோனியா வைக்கோலை மென்மையாக்கிப் புரதத்தையும் கூட்டும். திறந்தபின், நெடி தணியும்வரை காற்றாட விட்டே கொடுத்தல் வேண்டும். இதனையும் சிறிது சிறிதாகவே பழக்குக. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது.

யூரியா பற்றி ஒரு எச்சரிக்கை. நான் சிறுவனாயிருந்தபோது மிளகாய்க்கன்றுகளுக்கு ஊற்றவெனக் கரைத்து வைத்த யூரியாத் தண்ணீரை எங்கள் வீட்டுப் பசு குடித்துவிட்டது. வயிறு ஊதி, உடல் நடுங்கி, பொழுது சாயுமுன் இறந்துபோயிற்று. வாளியை மூடாமல் வைத்தவன் நானே. ஆகையால் அளவுக்கு மிஞ்சிக் கரைக்காதீர்கள். தெளித்து முடியும்வரை மாடுகளை அவ்விடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். தவறிக் குடித்துவிட்டால் உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

கோடை கழிந்ததும் கவலை தீர்ந்தது என எண்ணுவோர் உளர். ஐப்பசி மழையோடு வயல்கள் விதைக்கப்பட, மாடுகளை வயலிலிருந்து காட்டுக்கும் தரவைக்கும் ஓட்டிவிடுகின்றோம். மெலிந்த மாடு ஈரத்தில் நின்று இளம்புல்லை மேய்ந்து கழிகின்றது. 2022ஆம் ஆண்டு மார்கழியில் மாண்டஸ் புயலோடு வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்ததை நீங்கள் அறிவீர்கள். குளிர்தான் கொன்றது. ஆயினும் உடலிற் கொழுப்பும் வயிற்றில் தீனியும் இல்லாத மாடு குளிரைத் தாங்காது. நார்த்தீனி சமிக்கும்போதே உடலிற் சூடு பிறக்கின்றது. எனவே மழைக்காலத்துக்கென ஒரு சிறு போரைத் தொடாமல் வைத்திருங்கள். காலையில் மேய விடுமுன் கொஞ்சம் வைக்கோல் கொடுங்கள். இளம்புல்லாற் கழிச்சல் உண்டாவதும் இதனாற் குறையும். ஒதுங்க ஒரு கொட்டில் இருந்தால் இன்னும் நன்று.

யூரியா வைக்கோல் செய்யும் முறையைச் சொல்லிக் கேட்பதிலும் பார்த்து அறிவது எளிது. வருகின்ற புதன்கிழமை காலை இதே இடத்தில் நானே செய்து காட்டுவேன். யூரியாவும் தராசும் நான் கொண்டுவருவேன். நீங்கள் இரண்டு பேருக்கொரு கட்டு வைக்கோலும், வீட்டிற் பழைய படங்கு இருந்தால் அதனையும் கொண்டு வாருங்கள்.