செவ்வந்தியை உற்று நோக்குதல்

திருச்சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளிய தாயுமானவருக்குச் செவ்வந்தி நாதர் என்பதும் ஒரு திருநாமம். சாரமா முனிவர் செவ்வந்தி நந்தவனம் வைத்து வழிபட்ட வரலாற்றை யாவரும் அறிவீர்கள். அம்மலரைக் களவாடியவன் உறையூர் அரசன் மாளிகைக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் அரசன் செவிசாய்க்கவில்லை. இறைவன் உறையூரை நோக்கி மேற்கே திரும்பினார் என்பது புராணம். ஒரு பூவுக்காக இத்துணைச் சினமா என்று கேட்போர் உண்டு. அப்பூவை ஒருமுறை உற்று நோக்கியவர் அவ்வாறு கேளார்.

திருவரங்கத்துச் சாத்தார வீதியில் வாங்கிய செவ்வந்தி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இதழென்று நாம் கருதும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ! அதன் அடியில் இரு கிளையாகப் பிரிந்த சூல்முடி தெரியும். நடுவில் செறிந்திருப்பனவோ, ஐந்து பற்களுடைய குழற் பூக்கள். ஒரு செவ்வந்தி சாத்துகின்றவர் உண்மையில் ஓர் அருச்சனையே செய்கின்றார்.

பூசைக்குரிய மலரை நுகர்தல் ஆகாது, நோக்குதலோ கடமை. புழு அரித்ததும் சிலந்தி நூல் படிந்ததும் விலக்கத்தக்கன. நோக்காமல் விலக்குவது எங்ஙனம்?

கொல்லைப் பூசணியும் அவ்வாறே. மார்கழிக் கோலத்துக்குப் பூப் பறிக்கும் தாய்மார் பூவின் அடியைக் காண வேண்டும். பிஞ்சு தாங்கியது பெண் பூ. வெறுங்காம்பில் நிற்பது ஆண் பூ. பின்னதைப் பறிக்கலாம், வண்டுக்குச் சில விட்டுவைத்து. கத்தரிப் பூவோ தலைகவிழ்ந்து நிற்பது. அதைக் கீழிருந்து பார்க்க வேண்டும். மகரந்தப் பைகளின் நுனியில் ஊசித்துளை போன்ற வாயில்கள் உள்ளன. கருவண்டு பற்றி அதிர்க்கையில் பொடி அவ்வழியே உதிரும். வெயில் ஏறுமுன் சென்று பாருங்கள். பூசணிப் பூ நண்பகலுக்குள் குவிந்துவிடும்.