முதல் பரிசோதனை முடிவல்ல

(தோட்டக் கிளை மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கர்ப்பிணித் தாய் ஒருவரை, "இன்னொரு தடவை இரத்தம் எடுக்க வேண்டும்" என்று கிளினிக்கில் கூப்பிட்டார்கள். அவர் வீடு வந்து சேருமுன் கதை கடைசி லயம் வரை போய்விட்டது. பீலிக்கரையில் அவர் பக்கத்தில் குடம் வைக்க ஆளில்லை. அடுத்த பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. பரவிய கதையை மட்டும் யாரும் திருப்பி எடுக்கவில்லை. சம்பளத்துக்காக ஒன்றாய் நின்ற நாம், அன்று அந்தச் சகோதரியோடு நிற்கவில்லை.

ஆகவே இதை விளங்கிக்கொள்வோம்.

இரவில் லயத்துப் பக்கம் சிறுத்தை வந்தால், நாம் சிறுத்தையைக் காண்பதில்லை; நாய் குரைப்பதைத்தான் கேட்கிறோம். இந்தப் பரிசோதனையும் அப்படித்தான். அது முக்கியமாகத் தேடுவது கிருமியை அல்ல; கிருமியை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியை.

நாய் சில நேரம் பன்றியைக் கண்டும் குரைக்கும். அதனால்தான் முதல் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்தால், வேறு பரிசோதனைகளும் செய்து உறுதிப்படுத்துகிறார்கள். அதுவரை அது நோய் என்று அர்த்தமில்லை.

நாய் மோப்பம் பிடிக்கவும் நேரமாகும். கிருமி தொற்றிய பின் பிறபொருளெதிரி பரிசோதனையில் தெரிய, மூன்று வாரம் முதல் 90 நாள் வரை செல்லலாம். பயந்து அடுத்த வாரமே சோதித்து 'இல்லை' என்று வந்தால், அதோடு விட்டுவிடக் கூடாது. 90 நாள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

உண்மையிலேயே தொற்று இருந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. அரச சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். நேரத்துக்கு மருந்து எடுத்தால் பிள்ளையையும் காப்பாற்றலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரத்தம் சோதிப்பதும் அதற்கொரு காரணம். சந்தேகப்பட்டு யாரையும் தனியாகப் பொறுக்கியெடுத்துச் சோதிப்பதல்ல அது.

ஒன்றாகச் சாப்பிடுவதால், ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதால், பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பதால் இது தொற்றாது.

தோழர்களே, ஒருவருடைய இரத்தத்தின் முடிவு அவருக்கே சொந்தம். அதை வைத்து யாரையாவது வேலையை விட்டு ஒதுக்கினால், சம்பளம் வெட்டியதைப் போலவே சங்கம் அதையும் கேட்கும். ஆனால் பீலிக்கரையில் ஒதுக்குவதைச் சங்கத்தால் கடிதம் எழுதி நிறுத்த முடியாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.